60 டிகிரி வெட்ஜ் வாங்கினால் சிப் சரியாகிவிடுமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 46, நந்தனத்தில் வாரக்கடைசியில் கோல்ஃப் ஆடுகிறார், நண்பர் கொடுத்த பழைய செட். 7 ஐயர்ன் (இரும்புத் தலை மட்டை) எடுத்தால் பந்து சுமார் 130 யார்டு போகிறதாம். ஆனால் கிரீன் (கொடியும் குழியும் இருக்கும் குட்டைப் புல் தரை) பக்கத்தில் வந்து சிப், அதாவது பந்தைக் கிரீனுக்குள் அனுப்பும் சின்ன அடி, என்று வந்துவிட்டால் கதையே வேறு, ஒன்று பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டுகிறார், இல்லையென்றால் பந்தின் வயிற்றில் அடித்துக் கிரீனைத் தாண்டி அனுப்புகிறார். டிசம்பரில் நியூஜெர்சியிலிருந்து மச்சான் வருகிறார், புது செட்டும் ஒரு 60 டிகிரி லாப் வெட்ஜும் (பந்தை உயரத் தூக்கும் சாய்வு முக மட்டை) வாங்கிவரச் சொல்லலாமா என்பது கேள்வி.

செட் வாங்குங்கள். 60 டிகிரி வேண்டாம்.

ஏன் என்றால், நம் ஊர் தரையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மார்ச் தாண்டினால் புல்லுக்கு அடியில் தரை கெட்டித்துப் போய்விடும், பந்து கிட்டத்தட்ட வெறும் தரையில் உட்கார்ந்திருக்கும். அக்டோபரில் மழை பிடித்தால் அதே இடம் சேறு. டிவியில் பார்க்கிற மாதிரி பந்துக்கு அடியில் பஞ்சு போலப் புல் இருந்தால் 60 டிகிரியை உள்ளே நுழைத்துப் பந்தை மேலே தூக்கலாம். இங்கே நுழைக்க இடமே இல்லை. லாஃப்ட், அதாவது மட்டை முகத்தின் சாய்வு, கூடக் கூட, அதே தூரத்துக்கு ஸ்விங்கும் பெரிதாக வேண்டும், தப்பினால் தண்டனையும் பெரிது.

இதைவிட நீங்கள் பார்க்க வேண்டியது பவுன்ஸ். வெட்ஜின் அடிப்பாகம் முன்விளிம்பைவிட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்கிற கோணம்தான் அது. 1932ல் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் தன் நிப்ளிக்கின் (அந்தக் காலத்துச் சாய்வு முக மட்டை) அடியில் ஈயத்தை ஒட்டி ஒட்டிச் செய்தது இதைத்தான், கிளப் (மட்டை) மணலுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வருடம் பிரிட்டிஷ் ஓப்பனையும் அவர் ஜெயித்தார். ஆனால் அதே பவுன்ஸ் 12, 14 என்று அதிகமாக இருந்தால் கோடைக்காலத் தரையில் கிளப் எகிறி முன்விளிம்பு பந்தின் நடுவில் படும். 4, 5 என்று ரொம்பக் குறைவாக இருந்தால் மழைக்காலச் சேற்றில் கடப்பாரை மாதிரி இறங்கிவிடும். இரண்டு பருவத்துக்கும் சேர்த்து ஒரே வெட்ஜ் என்றால் 54 டிகிரி, பவுன்ஸ் 8லிருந்து 10க்குள். பல வெட்ஜ்களில் 54.10 என்கிற மாதிரி இரண்டு எண்ணும் பொறித்தே இருக்கும், மச்சானிடம் அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் செட்டில் வரும் பிட்சிங் வெட்ஜின் லாஃப்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் 48 இருந்தது, இப்போது தூரம் காட்டுவதற்காக 43, 44 என்று இறக்கிவிட்டார்கள். 44க்கு அடுத்து நேராக 54 வைத்தால் நடுவில் பெரிய ஓட்டை, ஆகவே 49 ஒன்று வேண்டும். 14 கிளப்தான் அனுமதி என்றாலும் உங்களுக்கு அத்தனை வேண்டியதில்லை. 3, 4 ஐயர்ன் இருக்கிற செட்டைத் தொடாதீர்கள், அவற்றுக்குப் பதிலாக அடிக்க எளிதான ஒரு ஹைபிரிட் மட்டை போதும். ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) ரெகுலர் ஃப்ளெக்ஸ், அதாவது நடுத்தரமாக வளைவது. 7 ஐயர்ன் 130 போகிறவருக்கு ஸ்டிஃப் எதற்கு? முழங்கையில் வலி இருந்தால் கிராஃபைட், இல்லையென்றால் ஸ்டீல். உங்கள் உயரத்தையும், நேராக நிற்கும்போது மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து அனுப்புங்கள், அமெரிக்கக் கடையில் ரேக்கில் தொங்கும் நீளம் எல்லோருக்கும் பொருந்தாது. அப்புறம் கிரிப், நம் வியர்வைக்கு நூல் கலந்த கார்டு வகைதான் நழுவாது.

சரி, சிப். மண்ணை வெட்டுவதும் பந்தின் வயிற்றில் அடிப்பதும் இரண்டு வியாதி இல்லை, ஒன்றுதான். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று மனசு நினைக்கிறது, உடம்பு எடை பின்காலுக்குப் போகிறது, கிளப் பந்துக்குப் பின்னாலேயே தரையைத் தொட்டுவிடுகிறது. தொட்டு நின்றால் குழி, தொட்டு எகிறினால் ராக்கெட். தூக்குகிற வேலை லாஃப்டுடையது, உங்களுடையது இல்லை. கால்களை ஒட்டி வையுங்கள், பாதிக்கு மேல் எடை இடது காலில் (வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன்), அடித்து முடிக்கும் வரை அங்கேயே. கையை ரொம்ப முன்னால் தள்ளாதீர்கள், தள்ளினால் பவுன்ஸ் மறைந்து முன்விளிம்பு மட்டும்தான் மிஞ்சும். நெஞ்சு பந்துக்கு மேலேயே இருக்கட்டும், மணிக்கட்டு உடையக் கூடாது.

பழக கோர்ஸுக்குப் போக வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு தேங்காய் நார் மிதியடி போட்டு, பந்தில்லாமல் அதே இடத்தில் சர், சர் என்று உரசிக்கொண்டே இருங்கள். உரசும் இடம் முன்காலுக்கு நேராக வரத் தொடங்கிய பிறகு பந்தை வையுங்கள், அதுவும் பிளாஸ்டிக் பந்து, பக்கத்து வீட்டுக் கண்ணாடி பாவம்.

கோர்ஸில் 54ஐயும் எப்போதும் எடுக்காதீர்கள். நடுவில் பங்கர் (மணல் குழி) இல்லை என்றால் 8 ஐயர்ன் எடுத்து, பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) பிடிக்கிற மாதிரியே பிடித்துத் தட்டுங்கள். 12லிருந்து கிளப் எண்ணைக் கழிக்கிற பழைய கணக்கு ஒன்று உண்டு: 8 ஐயர்னுக்கு 4, அதாவது காற்றில் ஒரு பங்கு, உருளுவது நாலு பங்கு. 9க்கு மூன்று, பிட்சிங் வெட்ஜை 10 என்று வைத்துக்கொண்டால் இரண்டு. பந்திலிருந்து கிரீனுக்குள் ஓரடி வரை 2 தப்படி, அங்கிருந்து கொடிக்கு 8 தப்படி என்றால் 8 ஐயர்ன். மழைக்காலத்தில் கிரீன் மெதுவாகிவிடும், ஒரு எண் கீழே இறங்கி 7 எடுங்கள். பெர்முடா புல் உங்களைப் பார்த்துச் சாய்ந்து நின்றால் வெட்ஜ் அதில் சிக்கிக்கொள்ளும், அப்போதும் இதே 8தான். கிரீன் ஓரத்தில் புல் குட்டையாக இருந்தால் அதுகூட வேண்டாம், பட்டர். கேடி (மட்டைப் பையைத் தூக்கி வருபவர்) சிரித்தால் சிரிக்கட்டும்.

மோசமாகச் சிப் அடிப்பவர் நீங்கள் மட்டுமில்லை. 1985 யு.எஸ். ஓப்பன் கடைசி நாளில் நாலு ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையில் இருந்த தைவான் ஆட்டக்காரர் டி.சி. சென், ஐந்தாவது ஹோலில் ஒரே சிப்பில் பந்தை இரண்டு முறை தொட்டு, அந்த ஹோலுக்கு 8 ஸ்ட்ரோக் எழுதி, கடைசியில் ஒரே ஸ்ட்ரோக்கில் தோற்றார். 2019லிருந்து அப்படி இரண்டு முறை தொட்டாலும் அபராதம் கிடையாது, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பந்து விஷயத்திலும் ஒன்று. குளத்தில் எடுத்து விற்கிற கலவைப் பந்துகளை வைத்துக்கொண்டு சிப் பழகினால் ஒன்று நிற்கும், ஒன்று ஓடும், தப்பு கையிலா பந்திலா என்று தெரியாது. ஏதாவது ஒரே மாடல், அது விலை குறைந்த டூ-பீஸாக (இரண்டடுக்குப் பந்து) இருந்தாலும் பரவாயில்லை. மச்சானின் பெட்டியில் இடம் மிச்சமிருந்தால் 60 டிகிரிக்குப் பதில் அந்தப் பந்தில் மூன்று டஜன் வைக்கச் சொல்லுங்கள்.