சின்னத் தாளில் நிறம் நிற்க என்ன வழி?

கேள்வி: ஈசூனில் நான்கறை வீவக வீட்டில் வசிக்கிறேன். பிள்ளைகள் உறங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் அஞ்சலட்டை அளவில் அரூப ஓவியங்கள் வரைந்து பழகுகிறேன். குழாயில் பளிச்சென்று இருக்கும் அக்ரிலிக் வண்ணம் தாளுக்கு வந்ததும் சேறாகிவிடுகிறது. சேறாகாமல் தப்பிய படங்களோ கண்ணைக் குத்துகின்றன. வண்ணம் பூசி, மேலே தாளை வைத்து அச்செடுக்கும் மெத்தென்ற ஜெல் தட்டும் வைத்திருக்கிறேன். அதில் அச்செடுத்தால் திட்டுத் திட்டாக வருகிறது. தீபாவளிக்கு உறவினர்களுக்குக் கைப்படச் செய்தவற்றைக் கொடுக்க ஆசை. எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்? இங்குள்ள ஈரக்காற்றில் படங்கள் கெடாமல் இருக்குமா?

பதில்: சேறாவதையும் கண்ணைக் குத்துவதையும் இரண்டு குறைகளாகச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நீங்கள் சிவப்பா, பச்சையா என்று மட்டுமே பார்க்கிறீர்கள். அந்த நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர், தாளில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அரூப ஓவியத்தில் மரமும் முகமும் வீடும் துணைக்கு வராது. இந்த மூன்றும் சரியாக அமையாவிட்டால் படத்தைத் தாங்க வேறு எதுவும் இல்லை.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். உங்களுக்குப் பிடிக்காத நான்கு படங்களைக் கைப்பேசியில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். படம் முழுவதும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் குறை பிடிபட்டுவிட்டது. நல்ல சிவப்பும் நல்ல பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டையிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இரண்டின் அடர்த்தியும் ஒன்றாக இருப்பதால் கண் எதில் தங்குவது என்று தெரியாமல் அலைகிறது. ஒன்றில் வெள்ளை சேர்த்து வெளிறச் செய்யுங்கள், அல்லது மற்றதை நன்றாக அடர்த்தியாக்குங்கள். சண்டை ஓய்ந்துவிடும். சிங்கப்பூரில் 1950களிலும் 60களிலும் லிம் யூ குவான் போன்ற ஓவியர்கள் செய்த மரச்செதுக்கு அச்சுகளை நேஷனல் கேலரிக்குப் போகும்போது தேடிப் பாருங்கள். அவை அரூபப் படங்கள் அல்ல, பெரும்பாலும் நிறமும் இல்லை. வெறும் கறுப்பும் வெள்ளையும் ஒரு தாளை எப்படி நிமிர்த்தி நிறுத்துகின்றன என்பதை அவற்றிடம் கற்கலாம். நிறத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்தப் பாடம் அதிகம் தேவை.

இனிச் சேறு. ஒவ்வொரு நிறமியும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. நிறமிகள் கூடக்கூட விழுங்கப்படும் ஒளியும் கூடும். கடைசியில் மிஞ்சுவது பழுப்பும் சாம்பலும்தான். இருபத்து நான்கு குழாய்கள் கொண்ட மலிவான பெட்டிகளில் பல குழாய்கள் ஏற்கெனவே இரண்டு மூன்று நிறமிகளின் கலவை. அவற்றில் இரண்டை நீங்கள் கலக்கும்போது உண்மையில் ஐந்தாறு நிறமிகளைக் கலக்கிறீர்கள். அந்தப் பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஓவியப் பொருள் கடைகளுக்குப் போய் நான்கே குழாய்கள் வாங்குங்கள்: எலுமிச்சை மஞ்சள், மெஜந்தா, தாலோ நீலம், டைட்டேனியம் வெள்ளை. குழாயின் மேலுள்ள அழகான பெயரை நம்பாதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். மஞ்சளுக்கு பிஒய் 3, மெஜந்தாவுக்கு பிஆர் 122, தாலோ நீலத்துக்கு பிபி 15:3, வெள்ளைக்கு பிடபிள்யூ 6 என்று ஒற்றைக் குறியீடு மட்டும் இருந்தால் அது ஒரே நிறமியால் ஆனது. கிளிப்பச்சை, ஆரஞ்சு, வாடாமல்லி, மயில்கழுத்து எல்லாம் இந்த நான்கிலிருந்தே வரும். தாலோ நீலத்தை மட்டும் தூரிகையின் நுனியால் தொட்டுச் சேருங்கள். அதற்கு வீரியம் அதிகம், ஒரு துளி கூடினாலும் மற்ற நிறத்தை விழுங்கிவிடும்.

மூன்று நிறங்களில் இரண்டிரண்டாகக் கலக்கும்வரை தெளிவாக இருக்கும். மூன்றாவது நுழைந்தால் மங்கும். இந்த மங்கலைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம், அது வேண்டியதுதான். தெரியாமல் நேர்ந்தால் அது சேறு. தெரிந்தே கலந்து, வெள்ளை சேர்த்து, ஓரிடத்தில் அமைதியாகப் பூசினால் அதுவே பக்கத்து நிறத்தை எரிய வைக்கும் சாம்பல். ஒரே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு சதுரங்களை வெட்டி, ஒன்றை மஞ்சள் தாளின் மேலும் மற்றதை நீலம் கலந்த சாம்பல் தாளின் மேலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே குழாயிலிருந்து வந்தவை என்று வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

அரூப ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950இல் தொடங்கி 1976இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரமாகவே வரைந்துகொண்டிருந்தார். அமைப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டதால் முழுக் கவனமும் நிறத்தின்மேல் நின்றது. பெரும்பாலும் கலக்காமல், குழாயிலிருந்து நேரே கத்தியால் பூசுவார். எந்த நிறம், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று பலகையின் பின்புறம் எழுதிவைப்பார். அந்தப் பழக்கத்தை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். நன்றாக வந்த ஒரு பச்சையை இரண்டு வாரம் கழித்து மறுபடி உண்டாக்கப் பின்பக்கக் குறிப்பு ஒன்றுதான் உதவும்.

சேற்றுக்கு இன்னொரு காரணம் பொறுமை சம்பந்தப்பட்டது. அடியில் உள்ள பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது மேலே தூரிகையை ஓட்டினால் இரண்டும் குழம்பும். புறங்கையைத் தாளின் மேல் மெல்ல வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. ஆகவே ஒரு படத்தோடு மட்டும் உட்காராதீர்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளை ஒரு பலகையில் ஒட்டி, மாஸ்கிங் டேப்பால் ஆறு கட்டங்களாகப் பிரித்து, ஆறிலும் மாறி மாறி வேலை செய்யுங்கள். ஒன்று காயும் நேரத்தில் அடுத்ததற்குப் போகலாம். தாள் வளைவதும் குறையும். டேப்பை ஒட்டுமுன் உடுத்தியிருக்கும் துணியில் ஒருமுறை அழுத்தி எடுங்கள். பசை சற்றுக் குறைந்து, பிரிக்கும்போது தாள் கிழியாது.

நிறங்களின் அளவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் பட்டுப்புடவையைவிடச் சிறந்த ஆசான் இல்லை. உடல் முழுக்க அரக்கு, கரையில் பச்சை, இடையில் இழையளவு பொன். மூன்றும் சம அளவில் இருந்தால் அந்தப் புடவையை யாரும் வாங்கமாட்டார்கள். உங்கள் கண்ணைக் குத்தும் படங்களில் ஏழெட்டு நிறங்கள் சமபங்கு கேட்டு நிற்கின்றன என்று ஊகிக்கிறேன். பாதிக்கு மேல் ஒரு நிறத்துக்குக் கொடுங்கள். இரண்டாவது அதில் பாதி. மிகத் தீவிரமான நிறம் கடைசியாக, விரல்நக அளவில் வரட்டும்.

தூரிகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னத் தாள் என்பதால் பலரும் சின்னத் தூரிகையை எடுக்கிறார்கள். அதனால் படம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கோடுகள் சேர்ந்து மூச்சுமுட்டுகிறது. அஞ்சலட்டை அளவுக்கு ஓரங்குலத் தட்டைத் தூரிகை எடுங்கள். நான்கைந்து வடிவங்களுக்கு மேல் போட முடியாது, அதுதான் வேண்டும். ஓவியர் பால் கிளே 1914இல் துனீசியாவில் வரைந்த நீர்வண்ணப் படங்கள் கையடக்கமானவை, ஆனால் அவற்றில் நெரிசல் இல்லை. பெரிய தாளில் தோன்றியபடி பூசிவிட்டு, அட்டைச் சட்டத்தை நகர்த்தி அழகான பகுதியை வெட்டியெடுக்கும் முறையும் இருக்கிறது. கண்ணைப் பழக்க அது நல்ல பயிற்சி. அதையே வழக்கமாக்கிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் திறன் அப்படி வளராது.

அடுத்து அச்சு. உங்கள் ஜெல் தட்டில் திட்டு விழுவதற்கு முதல் சந்தேகம் மின்விசிறி மீதுதான். மெல்லிய அக்ரிலிக் பூச்சு ஓடும் விசிறியின் கீழ் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. தாளை வைக்குமுன் ஓரங்கள் காய்ந்துவிடும். விசிறியை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலக்கலாம், ஆனால் மிகக் கொஞ்சமாக. நம் காற்றில் அது கூடிவிட்டால் படம் நாள்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும். இரண்டாவது, வண்ணத்தின் அளவு. ஏ5 தட்டுக்குப் பட்டாணி அளவில் இரண்டு மூன்று பொட்டுகள் போதும். உருளையை நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டி, மிஞ்சியதைப் பழைய செய்தித்தாளில் உருட்டி எடுத்துவிடுங்கள். மூன்றாவது, தாள். சொரசொரப்பான நீர்வண்ணத் தாளின் பள்ளங்களில் வண்ணம் இறங்காது, வெள்ளைப் புள்ளிகள் தெரியும். 130 முதல் 160 கிராம் வரையிலான வழவழப்பான வரைதாள் பொருத்தம். தாளை வைத்ததும் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, குறை இருந்தால் மறுபடி தேய்க்கலாம்.

பல அடுக்கு அச்சு எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: தட்டில் முதலில் போட்டது தாளில் மேலே வரும். எனவே மேலே தெரிய வேண்டிய சின்னத் தீவிர நிறங்களை முதலில் போட்டு முழுதாகக் காயவிடுங்கள். பிறகு அகன்ற நிறங்கள், அவையும் காய வேண்டும். கடைசியாக வெள்ளையையோ வெளிர் மஞ்சளையோ மெல்லிய ஈரப் பூச்சாகப் பூசி, தாளை வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மழைக்கால இரவென்றால் இன்னும் கூடுதல் நேரம். அந்த ஈரப் பூச்சு காய்ந்த அடுக்குகள் அனைத்தையும் பற்றிக்கொண்டு வெளியே வரும். பதமான கோலத்துக்குத் தேக்கா சந்தையின் வெங்காய வலைப்பை, முருங்கைக் கீற்று, மேல்தாள் உரித்த அட்டைப்பெட்டியின் வரிகள் ஆகியவற்றை ஈர வண்ணத்தில் அழுத்தி எடுங்கள். கூர்மையான எதையும் தட்டின்மேல் வைக்காதீர்கள். தட்டில் எஞ்சியிருக்கும் வண்ணத்தில் இரண்டாம் முறை தாள் வைத்தால் மங்கலான நிழல் அச்சு கிடைக்கும். அதை எறிய வேண்டாம். அடுத்த ஓவியத்துக்கு அதைவிட நல்ல அடித்தளம் அமையாது.

ஜெலட்டினில் வீட்டிலேயே தட்டு செய்யலாமே என்று யாராவது சொல்லக்கூடும். நம் பிற்பகல் வெப்பத்தில் அது தளர்ந்து போகும். விலங்கிலிருந்து எடுக்கப்படும் பொருள் என்பதால் பல வீடுகளில் வைத்துக்கொள்ளவும் விரும்பமாட்டார்கள். அகர் அகரில் செய்தால் விண்டுபோகும். கடையில் விற்கும் தட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிப் பரிசுக்கு வருவோம். ஜெல் அச்சு ஒவ்வொன்றும் வேறாக வரும். ஒரே படத்தைப் பலருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் லினோ என்னும் மென்தகட்டில் படத்தைச் செதுக்கி அச்சிடுங்கள். ஏ6 அளவில் இரண்டு துண்டுகள் போதும். ஒன்றில் மஞ்சள், மற்றதில் நீலம் என்று ஒளி ஊடுருவும் மையால் அச்சிட்டால் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் பச்சையாகும். இரண்டு கட்டையில் மூன்று நிறம். லினோவைச் சற்று வெயிலில் வைத்தால் இளகும். செதுக்கும்போது மற்றக் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும். அக்ரிலிக் வேண்டாம், கோடுகளை அடைத்துவிடும். நீரில் கழுவக்கூடிய லினோ மை வாங்குங்கள். உருளையை ஓட்டும்போது சன்னமான சரசரப்பு கேட்டால் மை பதம். ஈரமாக ஒட்டி ஒட்டிப் பிரியும் ஓசை வந்தால் மை அதிகம். மெல்லிய தாளை வைத்து மரக்கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் அச்சு இயந்திரம் தேவையில்லை. நேரம் கிடைத்தால் ராபர்ட்சன் கீயில் உள்ள எஸ்டிபிஐ என்னும் அச்சுக்கலைப் பட்டறை, காட்சிக்கூடத்துக்குப் போய்வாருங்கள். அமெரிக்க அச்சுக்கலைஞர் கென் டைலரின் பட்டறையை அடித்தளமாகக் கொண்டு 2002இல் திறக்கப்பட்டது. தாளையே அங்கே செய்கிறார்கள். அச்சு என்பது நகல் எடுப்பது மட்டும்தான் என்ற எண்ணம் அங்கே ஒரு சுற்று வந்தால் போய்விடும்.

பன்னிரண்டு பிரதி எடுத்தால் படத்தின் கீழே இடப்பக்கம் பென்சிலில் 1/12, 2/12 என்று எண்ணிட்டு, வலப்பக்கம் கையெழுத்திடுங்கள். ஜெல் அச்சுக்கு 1/1. எண்ணிட்ட பிறகு பதின்மூன்றாவது பிரதி எடுக்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாலும் அதுதான் நேர்மை.

ஈரக்காற்றைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இங்கே சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். இரவில் வரைந்ததை இரவிலேயே உறையில் இடாதீர்கள், சில பிற்பகல்களைக் கண்டபின் உள்ளே போகட்டும். ஒட்டுப்படம் செய்தால் மைதா காய்ச்சிய பசை வேண்டவே வேண்டாம். பூசணத்துக்கும் தாள் தின்னும் பூச்சிக்கும் அது விருந்து. நிறமி சேராத அக்ரிலிக் மீடியத்தாலேயே ஒட்டுங்கள். சட்டமிடும்போது அமிலம் நீக்கிய அட்டையால் விளிம்பு கட்டி, கண்ணாடி படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்ட வேண்டாம் என்று பரிசு பெறுபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

பலருக்கும் தெரியாதது ஒன்று: அக்ரிலிக் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் நம் வெப்பத்தில் மேற்பரப்பு இளகியே இருக்கும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது வண்ணம் உரிந்து வரும். தடித்த பூச்சுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஓவியங்களை முடித்துவிடுங்கள். அடுக்கும்போது இடையில் கேக் சுடப் பயன்படும் சிலிக்கோன் பூசிய தாளை வையுங்கள். மெழுகுத்தாளும் செய்தித்தாளும் உதவாது.