ராணிகள் போன பிறகு

அன்புள்ள ஐயா,

கிளப் செஸ் போட்டியில் வெள்ளையில் ருய் லோபஸ் என்ற ஓப்பனிங், அதாவது தொடக்க முறை, ஆடினேன். எதிராளி அதற்குப் பதிலாக பெர்லின் தடுப்பாட்டம் ஆடினார். எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டன. பிறகு என்ன செய்வதென்றே தெரியாமல் தோற்றேன். ஆட்டக் குறிப்பை இணைத்திருக்கிறேன். இந்த வறட்டு பெர்லினைத் தவிர்க்க எந்த ஓப்பனிங்கை மனப்பாடம் செய்யலாம்? முப்பது வயதுக்கு மேல் ரேட்டிங் ஏறுமா?

எம்.

அன்புள்ள எம்.,

வயதையும் ரேட்டிங்கையும் விடுங்கள். ஆடுங்கள், ஏறும்போது ஏறட்டும். ஆனால் 'வறட்டு பெர்லின்' என்கிறீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொஞ்ச நாளாக நானும் அந்த நிலையைத்தான் பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2000-இல் லண்டனில் நடந்த உலக செஸ் பட்டப் போட்டியில் கிராம்னிக் இதை வைத்துத்தான் காஸ்பரோவை மறித்தார். 15 ஆண்டுகள் சாம்பியனாக இருந்தவர் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. வறண்ட இடத்திலா அவர் அப்படி முட்டி மோதியிருப்பார்?

ராணிகள் போனதும் சிப்பாய்களைப் பாருங்கள். ராஜா பக்கம் உங்களுக்கு நாலு, கருப்புக்கு மூன்று. ராணி பக்கம் கருப்புக்கு நாலு, உங்களுக்கு மூன்று. ஆனால் கருப்பின் நாலில் இரண்டு, சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் நாலு சிப்பாய்கள் தங்களில் ஒன்றை ராணியாக்கக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போய்விடும். கருப்பின் நாலுக்கு அது எளிதில் முடியாது. அதாவது, மற்ற காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டால் நீங்கள் ஜெயிக்க வேண்டிய ஆட்டம் இது. ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்தும் காஸ்லிங்கும் கருப்புக்குப் போய்விட்டது. பதிலுக்கு அவரிடம் இருப்பது இரண்டு பிஷப்புகள். அவற்றில் ஒன்றை வெட்டி மாற்றுவதற்குத்தான் நீங்கள் உயிரைக் கொடுத்திருக்க வேண்டும். இது மனப்பாடத்தில் வருமா? ராஜாக்களையும் சிப்பாய்களையும் மட்டும் வைத்து, இரண்டு பக்கமும் நீங்களே ஆடிப் பாருங்கள்.

2014-இல் சோச்சியில், உலகப் பட்டப் போட்டியின் பதினோராவது ஆட்டம். கார்ல்சன் வெள்ளை, ஆனந்த் கருப்பு, இதே பெர்லின். ராணிகள் போனதும் என்னோடு பார்த்துக்கொண்டிருந்த நண்பர் 'டிராதான்' என்று எழுந்து போய்விட்டார். அப்புறம்தான் ஆனந்த் சிப்பாயை பி5 கட்டத்துக்குத் தள்ளினார். எனக்கு உட்கார முடியவில்லை. பிறகு பிஷப்புக்கு யானையைக் கொடுத்தார், ஆட்டமும் பட்ட வாய்ப்பும் போயின. எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. அந்த ஆட்டத்தையா வறட்டு என்பது?

சரி, தவிர்த்தே ஆக வேண்டுமென்றால் நாலாவது நகர்த்தலில் டி3 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளுங்கள், ராணிகள் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் அதற்கு முன் உங்கள் 19-வது நகர்த்தலைப் பாருங்கள். குதிரையால் ஒரு பிஷப்பை வெட்டி மாற்ற வழி இருந்தது. நீங்கள் குதிரையைப் பின்னால் இழுத்திருக்கிறீர்கள். ஏன் இழுத்தீர்கள் என்று யோசித்து எனக்கு எழுதுங்கள்.