சுவர்க்கோழித் தொட்டியில் மூத்திர வீச்சம்

கேள்வி:

அண்ணாச்சிக்கு வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் வாழையும் நெல்லும்தான் எங்களுக்கு. ஒன்றரை வருடமாகப் பின்கட்டு அறையில் சுவர்க்கோழிப் பூச்சியும், தவிட்டில் வளரும் மீல்வார்ம் புழுவும் வளர்க்கிறேன். பியர்டட் டிராகன், லெப்பர்ட் கெக்கோ என்று வெளிநாட்டு ஓணான், பல்லி வைத்திருப்பவர்களுக்குத் தீனியாகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் பார்சலில் போகும். மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி ஆறு, புழுத் தட்டு எட்டு. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அறைக்குள் நுழைய முடியவில்லை. தொட்டியில் மூத்திர வீச்சம் கண்ணைக் கரிக்கிறது. தட்டில் காறல் வாடை, ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி மாதிரி ஊர்கிறது. பக்கத்து வீட்டு அத்தை பஞ்சாயத்தில் சொல்வேன் என்கிறார்கள். பூச்சி வாங்கிய கடையில் 650 ரூபாய்க்கு ஒரு வாடை நீக்கித் திரவமும், எச்சத்தைத் தின்று சுத்தம் செய்யும் என்று ஒரு டப்பா கறுப்பு வண்டும் தந்தார்கள். திரவம் இரண்டு நாள் மணந்தது, அப்புறம் முன்னைவிட மோசம். பாச்சை உருண்டை போட்டேன், வேப்பிலை கட்டினேன், சுண்ணாம்புத் தூளும் தூவினேன். வேறு என்ன மருந்து அடிக்கலாம்? மொத்தமாக எடுக்கும் ஆள் இரண்டு மாதமாக எடுக்காததால் உருப்படியும் கூடிவிட்டது.

பதில்:

தம்பி, இதைப் படிக்கும்போதே எழுந்து போய் அந்தப் பாச்சை உருண்டையைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு வாருங்கள். பூச்சியைக் கொல்லவென்றே விற்கிற சாமானைப் பூச்சிப் பண்ணையில் வைத்திருக்கிறீர்கள். வேப்பிலையும் வேண்டாம். வேம்பின் சத்து இளம்பூச்சியைத் தோலுரிக்க விடாது, உரிக்கும்போதே சாகும். கொசுவத்திச் சுருள், எறும்புச் சாக்பீஸ், பினாயில் எதுவும் அந்த அறைப் பக்கம் போகக்கூடாது. எறும்புக்கு மேசைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், போதும்.

சுண்ணாம்பு வீச்சத்தைக் கூட்டத்தான் செய்யும். பூச்சியின் எச்சத்தில் இருப்பது யூரிக் அமிலம். காய்ந்து கிடந்தால் அதற்கு வாடையே கிடையாது. ஈரம் பட்டால் நுண்ணுயிர் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்கும், உங்கள் கண்ணைக் கரிப்பது அதுதான். சுண்ணாம்பு தூவினால் காரத்தன்மை ஏறி, எச்சத்தில் தங்கியிருக்கிற அம்மோனியாவும் சேர்ந்து கிளம்பிவிடும். கடைக்காரர் கொடுத்த திரவம் எதில் செய்ததோ, முக்கால்வாசி தண்ணீராகத்தான் இருக்கும். ஈரத்தால் வந்த வியாதிக்கு ஈரத்தையே மருந்தாகத் தெளித்தால் இரண்டு நாளுக்கு மேல் எப்படி மணக்கும்? ஆக, அடிக்க மருந்து எதுவும் நான் சொல்லப்போவதில்லை.

தட்டில் காறல் வாடை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் தவிடு எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்கத் தோன்றியது. நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஏதோ ஒரு மில்லில் மலிவாகக் கிடைக்கிறதென்று பச்சரிசித் தவிட்டை மூட்டையாக இறக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தவிட்டு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. அரிசித் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அந்த எண்ணெயைச் சிதைக்கும் நொதியும் அதிலேயே இருக்கிறது. நெல்லாக இருக்கிறவரை இரண்டும் தனித்தனியாகக் கிடக்கும். தீட்டியதும் ஒன்றாகக் கலந்து, சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பித்துவிடும். தவிட்டு எண்ணெய் ஆலைக்காரர்கள் தவிடு வந்ததும் அவசர அவசரமாகச் சூடுகாட்டிப் பதப்படுத்துவது இதற்காகத்தான். நீங்களோ அதை மாதக்கணக்கில் சாக்கில் கட்டி வைத்துத் தட்டில் கொட்டுகிறீர்கள். புழு என்ன செய்யும், வாடை வரத்தான் செய்யும்.

புழுங்கலரிசித் தவிடு அப்படி இல்லை. நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செத்துவிடுவதால் கொஞ்ச நாள் தாங்கும். அதைவிடக் கோதுமைத் தவிடு நல்லது, எண்ணெய் குறைவு. விலை கூடத்தான், கூடட்டும். எதுவானாலும் சாக்கின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பாருங்கள். பழைய எண்ணெய்ச் சட்டி வாடை லேசாக அடித்தாலும் வாங்காதீர்கள். உள்ளங்கையில் தேய்த்தால் சொரசொரவென்று உமி குத்துகிறதா? எடைக்கு உமியைக் கலந்து விற்கிற புண்ணியவான் அவர், அங்கே மறுபடி போகாதீர்கள். மாட்டுக்குத்தானே என்று கலக்கிறார்கள். மாடும் பாவம்தான், அது வேறு கதை.

ஊர்கிற வெள்ளைப் பொடி தவிட்டுச் சிலந்திப்பேன். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் அழுத்தித் தேய்த்து மோந்து பாருங்கள், புதினா மாதிரி ஒரு மணம் வரும். இன்னொரு வழி: தட்டின் ஒரு மூலையில் தவிட்டைக் கையால் தடவிச் சமமாக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மேல்பரப்பு மேடு பள்ளமாகியிருக்கும். இதற்கும் மருந்து இல்லை. பேனைக் கொல்கிற மருந்து புழுவையும் விட்டுவைக்காது. புழுவைச் சல்லடையில் சலித்துத் தனியே எடுங்கள், பழைய தவிடு அத்தனையும் எருக்குழிக்குப் போகட்டும், தட்டைக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். புதுத் தவிட்டை மொட்டைமாடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்து உச்சி வெயிலில் இரண்டு நாள் காயவைத்த பிறகே சேருங்கள். இப்போது வெயில் எங்கே என்பீர்கள். சரி, வெறும் இருப்புச்சட்டியில் கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து, ஆறவைத்துச் சேருங்கள். சூடு ஆறுமுன் மூடிவைத்தால் வேர்த்துப்போய்ப் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் தவிடு வேண்டாம், அடியில் புழுங்கும்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. மீல்வார்முக்குக் கேரட் வில்லை போதும், காலையில் வைத்தால் இரவில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சுவர்க்கோழிக்குத் தண்ணீர் எப்போதும் வேண்டும், ஆனால் நனைத்த பஞ்சு கூடாது. மூன்றாம் நாள் அந்தப் பஞ்சை மோந்து பார்த்தால் காரணம் புரியும். கோழிக்குஞ்சுக்கு வைக்கிற தண்ணீர்க் குடுவையைக் கவிழ்த்து, சுற்றுத் தட்டில் கூழாங்கல் நிரப்புங்கள், மூழ்கிச் சாகாது. தொட்டிக்குள் வேறு எது ஈரமாக இருக்கலாம் என்றால், முட்டையிட வைக்கிற தென்னைநார்த் தூள் டப்பா ஒன்றுதான். அதையும் இரண்டு மூன்று நாளில் வெளியே எடுத்துத் தனியாகப் பொரிக்க விட வேண்டும்.

சுவர்க்கோழி ஒண்டிக்கொள்ள வைக்கிற கோழிமுட்டை அட்டையைப் படுக்கப் போட்டிருப்பீர்கள். நிற்கவையுங்கள், எச்சம் அடியில் விழுந்துவிடும், தட்டி அள்ளலாம். தொட்டியின் அடியில் மண்ணோ உமியோ வேண்டாம், வெறும் தரைதான் கூட்டச் சுலபம். மூடியில் பாதியை அறுத்து எடுத்துவிட்டு இரும்பு வலை அடியுங்கள். நைலான் கொசுவலையைச் சுவர்க்கோழி கடித்துக் குதறிவிடும்.

இனி நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன சங்கதிக்கு வருகிறேன். கடிதத்தை அங்கிருந்தல்லவா ஆரம்பித்திருக்க வேண்டும்? வாங்குகிற ஆள் எடுக்கவில்லை, ஆனால் நீங்கள் முட்டை வைப்பதை நிறுத்தவில்லை. சுவர்க்கோழி சிறகு முளைத்துச் சில வாரத்தில் ஆயுள் முடிந்து சாகிற பூச்சி. விற்காமல் வைத்திருந்தால் தொட்டிக்குள்ளேயேதான் சாகும். செத்த சுவர்க்கோழியின் நாற்றத்துக்கு முன்னால் அம்மோனியா எவ்வளவோ தேவலை. நான் பார்த்தவரை 60 லிட்டர் தொட்டிக்குச் சிறகு முளைத்தது 500 என்பதே தாராளம். உங்கள் தொட்டியில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே உங்களுக்குப் பயமாக இருக்கும். கூட்டம் கூடினால் சூடு ஏறும், ஒன்றையொன்று தின்னும், எந்தச் சுத்தமும் நிற்காது. மிச்சத்தை நாட்டுக்கோழிக்குப் போடுங்கள். மழை விடுகிறவரை புது முட்டை வைக்காதீர்கள். எத்தனை பேர் வாரம் எவ்வளவு வாங்குவார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்தக் கணக்குக்கு முட்டை வையுங்கள். நீங்கள் வளர்த்தால் போதும், நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று தாய்ப்பூச்சி விற்கிறவர்களின் வியாபாரம் தாய்ப்பூச்சி விற்பதோடு முடிந்துவிடுகிறது. ஈமு கோழியில் தமிழ்நாடு பட்டது போதாதா?

அந்தக் கறுப்பு வண்டு விஷயம்தான் எனக்கு உண்மையில் கோபத்தைக் கிளப்பியது. பிராய்லர் கொட்டகைக் குப்பையில் மண்டிக் கிடக்குமே, அந்தச் சின்னக் கறுப்பு வண்டாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எச்சத்தையும் செத்ததையும் தின்னும் என்பது வாஸ்தவம். ஆனால் தெர்மோகோலைத் துளைக்கும், மீல்வார்ம் தட்டுக்குள் புகுந்து கலந்துவிடும், கோழி நோயைச் சுமந்து திரியும். பக்கத்தில் யாராவது கோழிக் கொட்டகை போட்டிருந்தால் அங்கேயும் போய்ச் சேரும். அத்தை அப்போது பஞ்சாயத்தோடு நிற்கமாட்டார்கள். வண்டு இருக்கிற குப்பையைக் கொதிநீர் ஊற்றி அழித்துவிட்டுப் புதைத்துவிடுங்கள். சுத்தம் செய்ய உங்களுக்குக் கையும் சுளகும் இருக்கிறது. மழைக்காலத்தில் மூன்று நாளுக்கு ஒருதரம் புடைத்து எடுங்கள். காய்ந்த எச்சம் வாழைக்கு நல்ல எரு, மக்கவைத்து மூட்டில் போடலாம்.

புடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசு நாள்பட உடம்புக்கு ஒவ்வாமல் தும்மல், இழுப்பு என்று கொண்டுவிடும், பின்கட்டில் பிள்ளைகள் படுப்பதாக இருந்தால் அறையையே தொழுவத்துப் பக்கம் மாற்றுங்கள். முருங்கைக்கீரை தீனியாகக் கொடுக்கிறீர்களா? பார்சல் போடுவதற்கு முந்தின நாள் கொடுங்கள், சுண்ணாம்புச் சத்து பூச்சி வயிற்றோடு போய்ச் சேரும், வாங்குகிறவர் மறுபடி கேட்பார். மருந்தடித்த கத்தரித் தோட்டத்து இலை தழை மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு இரவில் தொட்டி காலியாகிவிடும். உடும்போ நம்மூர்ப் பச்சோந்தியோ வைத்திருக்கிறேன் என்று யாராவது தீனி கேட்டால் விலகிவிடுங்கள், 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

மொத்தமாக எடுக்கும் அந்த ஆள் திரும்பக் கூப்பிட்டால், பழைய பாக்கி இருந்தால் அது முழுக்கக் கைக்கு வந்த பிறகு பார்சல் போடுங்கள். டப்பாவுக்குள் ஈரப் பஞ்சு வைக்காமல் ஒரு துண்டு கேரட் போடுங்கள்.