ஃபைபர் படகில் விரிசல்: பூசும் முன் சுரண்டிப் பாருங்கள்

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்ததில் பாதிக்கு மேல் விரிசல் கேள்விகள்தான். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, படகின் முன்முனையான அணியத்தில் சிலந்தி வலை மாதிரி கோடுகள். தண்ணீர் உள்ளே வரவில்லை. பயப்படணுமா? (நாகப்பட்டினம்)

மேலே இருக்கும் ஜெல்கோட் பூச்சு அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், விரிசல் அதோடு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு ரூபாய் நாணயத்தால் அந்தப் பகுதி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். அப்புறம் ஒரு கோட்டைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் கோடு மறைந்துவிட்டால் சரி, ஜெல்கோட் மட்டும் நிரப்பினால் போதும். வெள்ளை வெள்ளையாக நார் தெரிந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி நார் விரிப்பான மேட் வரை போய்விட்டது. கோடுகள் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பினால் எதிலோ இடித்திருக்கிறது. வரிசையாக ஒரே பக்கம் ஓடினால் அந்த இடம் அலையில் வளைந்து வளைந்து நிமிர்கிறது, உள்ளே தாங்கும் சட்டம் விட்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் வெளியே எத்தனை முறை பூசினாலும் கோடு அதே இடத்தில் திரும்ப வரும்.

எம்-சீல் வைத்து அடைத்தால் போதாதா?

கடலில் இருக்கும்போது கரை வந்து சேர, போதும். அந்த அடைப்போடு மறுநாளும் தொழிலுக்குப் போகாதீர்கள்.

மேட் போட்டு ஒட்டினோம், நாலு மாதத்தில் பிளாஸ்திரி மாதிரி உரிந்துவிட்டது. ரெசின் மட்டமா? (கடலூர்)

மேட்டை ஊறவைத்து ஒட்டும் பிசினான ரெசினைக் குறை சொல்லும் முன் உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். இப்படி ஒருவர் கொண்டுவந்த துண்டின் அடிப்பக்கம் தட்டு மாதிரி வழவழவென்று பளபளத்தது. தேய்க்காமல் பெயின்ட் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள், பிறகு எது பிடிக்கும்? முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். இரவு ஒரு பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, காலையில் உள்ளே வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அடுத்து கிரைண்டரால் விரிசலைத் தோண்டி, சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும், கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்கு. 4 மில்லிமீட்டர் கனம் என்றால் இருபுறமும் ஐந்து சென்டிமீட்டர். பலர் சோம்பல்படுவது இங்கேதான், ஆனால் ஒட்டு நிற்பதே இந்தச் சரிவில்தான். அசிட்டோனில் துடைத்துவிட்டு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை அடுக்கடுக்காகப் போடுங்கள், ஓர் அடுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் வரும். ஒவ்வோர் அடுக்குக்கும் ரோலர் ஓட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். கண்ணாடித் தூசிக்கு முகமூடி கட்டாயம்.

வெயிலில் ரெசின் டப்பாவிலேயே இறுகிவிடுகிறது. கேட்டலிஸ்ட்டைக் குறைக்கலாமா?

ரெசினை இறுகவைக்கும் திரவம்தான் கேட்டலிஸ்ட். கிலோ ரெசினுக்கு 10 மில்லிக்குக் கீழே போகாதீர்கள், அரைகுறையாக இறுகிப் பிசுபிசுப்பாகவே கிடக்கும். விடிகாலையில் வேலையைத் தொடங்குங்கள், அரைக் கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுசாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தெறித்துவிட்டால் உடனே கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மகளுக்காகப் பழைய ஆப்டிமிஸ்ட் பாய்மரப் படகு வாங்கினேன், அடியில் விரிசல். பாலியஸ்டரா, எபாக்சியா? (சென்னை)

இந்த இரண்டு ரெசினில் எபாக்சிதான் என் தேர்வு, பழைய பாலியஸ்டர் மேல் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண மேட் வேண்டாம், அதன் நாரைச் சேர்த்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில்தான் கரையும். நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். 35 கிலோ படகு அது, தேவைக்கு மேல் அடுக்கிக் கனமாக்காதீர்கள். இறுகியதும் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம், தண்ணீரும் ஸ்க்ரப்பரும் வைத்துக் கழுவிவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கலவை பாலியூரித்தேன் பெயின்ட் அடியுங்கள். பாய்மரக் கம்பம் உட்காரும் இடத்தையும் நாணயத்தால் ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகு மகளை ஏற்றுங்கள்.