டிராக்டர் டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்தால்

கேள்வி: எங்கள் பழைய ஃபெர்குசன் டிஇ20 பெட்ரோல் டிராக்டர் மிஸ்ஃபயர் ஆகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் (சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்) புது பாயின்ட் (மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள்) போட்டும் கேப் (அந்த முனைகளின் இடைவெளி) நிற்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், குளச்சல்

பதில்: பாயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, பாயின்ட் முழுசாகத் திறந்திருக்கும்போது ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கேப் கூடிக் குறைந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. ஷாஃப்ட் ஆடினால் அதிலுள்ள கேம் (பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் மேடு) ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு அளவில் பாயின்ட்டைத் திறக்கும். தீப்பொறியும் முன்பின்னாக விழும்.

பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ரோட்டார் (ஷாஃப்டின் உச்சியில் சுழலும் கை) பார்க்கும் திசையையும் டிஸ்ட்ரிபியூட்டர் பாடி நிற்கும் இடத்தையும் கீறி அடையாளம் வைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுங்கள். அடியிலுள்ள பின்னைத் தட்டும் முன் டிரைவையும் (என்ஜினோடு இணையும் துண்டு) ஷாஃப்டையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். இது மிக முக்கியம்: டிரைவைத் திருப்பிப் பூட்டினால் ரோட்டார் 180 டிகிரி மாறி, வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

புது வெண்கல புஷ்ஷை ஒரு நாள் என்ஜின் ஆயிலில் ஊறவைத்து, பிரஸ்ஸில் நேராக இறக்குங்கள். சுத்தியல் வேண்டாம், வாய் நசுங்கிவிடும். ஷாஃப்டிலேயே பள்ளம் விழுந்திருந்தால் புது புஷ் மட்டும் பயன்தராது. நாகர்கோவிலில் நல்ல லேத் பட்டறையில் காட்டுங்கள்.

பாயின்ட் கேப் 0.25 முதல் 0.30 மி.மீ. கேமில் கிரீஸ் லேசாகப் பூசினால் போதும், அதிகமானால் பாயின்ட்டில் தெறித்துக் கருகும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை) 1-3-4-2. கடற்கரை ஊர் என்பதால் மூடிக்குள் முனைகளில் பச்சைக் களிம்பு படியும், சுரண்டித் துடையுங்கள். உள்ளே மயிரிழைபோல் கருங்கோடு தெரிந்தால் மூடியையே மாற்றிவிடுங்கள்.