போஸ்ட்கிரெஸ் பிளானரில் தேவையற்ற இஃப்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் க்வெரியை எப்படி ஓட்டுவது என்று திட்டமிடும் பகுதியான பிளானரின் கோடில் ஒரு இடத்தில் 'லிஸ்ட் காலியாக இல்லையென்றால்' என்று ஒரு இஃப். அதற்குள் அதே லிஸ்டைச் சுற்றும் ஃபார்ஈச் லூப் மட்டும்தான். இஃபை எடுத்துவிடலாமா?

பதில்: தாராளமாக. போஸ்ட்கிரெஸில் காலி லிஸ்ட் என்றாலே நல் பாயிண்டர்தான், அதாவது எதையும் சுட்டாத பாயிண்டர். ஃபார்ஈச் அதன்மேல் ஒரு தடவைகூடச் சுற்றாது. இஃபுக்குள் மெமரி ஒதுக்கீடோ வேறு வேலையோ இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: இதனால் வேகம் கூடுமா?

பதில்: அளந்தாலும் தெரியாது. எனக்கு உறுத்துவது வேறு. வரவே வராத நிலைமைக்கு ஒரு இஃப் இருந்தால், படிப்பவர் 'ஓ, இப்படியும் வரும்போல' என்று நம்பி, தன் ஃபங்ஷனிலும் அதையே போடுவார். அப்புறம் எந்த இஃப் நிஜமானது என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: பெரிய அளவில் இப்படிச் சுத்தம் செய்த உதாரணம் உண்டா சார்?

பதில்: பிட்மேப்செட், அதாவது எண்களின் செட்டை பிட்டுகளாக வைத்திருக்கும் அமைப்பு. ஒரு ஜாயினில் (டேபிள்களை இணைப்பதில்) எந்தெந்த டேபிள்கள் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பிளானர் இதில்தான் வைத்திருக்கும். முன்பு காலி செட்டுக்கு இரண்டு உருவம்: நல் பாயிண்டர், அல்லது எல்லா பிட்டும் பூஜ்யமாக உள்ள ஆப்ஜெக்ட். காலியா என்று பார்க்க உள்ளே இறங்கித் தேட வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க, சில இடங்களில் 'காலியானால் கட்டாயம் நல்' என்ற விதியைக் கையாலேயே காப்பாற்றி வந்தார்கள். ஒருவர் மறந்தால் போச்சு. பிட்மேப்செட்டை முதலில் வடிவமைத்த போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் டாம் லேனே 2023-இல் விதியை மாற்றினார். 16-ஆம் பதிப்பிலிருந்து காலி என்றால் நல் மட்டும்தான். இரண்டு செட்களின் வெட்டு, கழித்தல் ஃபங்ஷன்களே விடை காலியானால் நல் தந்துவிடும். கையால் போட்ட காவலுக்கு வேலையே இல்லாமல் போனது. இஃப்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதைவிட இந்த வழிதான் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: அப்படியானால் மெமரியை விடுவிக்கும் பிஃப்ரீ ஃபங்ஷனுக்கு முன்னால் உள்ள நல் சோதனையும் வேண்டாம்தானே?

பதில்: ஐயோ, அதை எடுக்காதீர்கள்! சி மொழியின் ஃப்ரீ நல் பாயிண்டரைப் பொறுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸின் பிஃப்ரீ பொறுக்காது. ஆனால் பிட்மேப்செட்டை விடுவிக்கும் ஃபங்ஷன் தாங்கும். ஒவ்வொன்றையும் திறந்து படித்த பிறகே அழியுங்கள்.

கேள்வி: எடுத்தது சரிதான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: 'இது வரவே வராது' என்று நம்பி எடுத்த இஃபின் இடத்தில் ஒரு அசெர்ட் (நிபந்தனை பொய்யானால் புரோகிராமை நிறுத்தும் சோதனை) வையுங்கள். சாதாரண பில்டில் அது வேலை செய்யாது. அசெர்ட்டை இயக்கி பில்ட் செய்து ரிக்ரெஷன் டெஸ்ட்டை (பழைய வேலை கெடவில்லையா என்று பார்க்கும் சோதனைகளை) ஓட்டுங்கள். பிளானைக் காட்டும் எக்ஸ்பிளைன் கமாண்டின் வெளியீட்டில் ஒரே ஒரு பிளான் மாறியிருந்தாலும் சரி, பேட்சை நிறுத்திவிட்டு எது மாறியது என்று தேடுங்கள்.