வீட்டில் 150/95, மையத்தில் 128/82: எந்த அளவை நம்புவது?

ஒரு கர்ப்பிணிக்கு நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது பிபி (ரத்த அழுத்தம்) 150/95, சுகாதார மையத்தில் 128/82 வந்தது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டையுமே நம்ப வேண்டாம். பெரிய கஃப் (கையில் சுற்றிக் கட்டும் பட்டை) கட்டி மறுபடி பாருங்கள். அவருக்கு ஏழாம் மாதம், கை கொஞ்சம் பருமன், மையத்தில் வேறு கருவி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் சந்தேகம் உங்கள் பையில் இருக்கும் கஃப் மேல்தான். கைக்குச் சின்னதாக இருந்தால் அது பிபியைக் கூட்டித்தான் காட்டும்.

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே டேப் வைத்துக் கையின் சுற்றளவை அளந்து பாருங்கள். 33 செ.மீ.க்கு மேல் போனால் பெரிய கஃப் வேண்டும். உள்ளே காற்று நிறையும் பை, கையைச் சுற்றி முக்கால் பங்குக்கு மேல் வர வேண்டும்.

அப்புறம், வீட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்தவரை உட்கார்ந்ததும் பார்க்காதீர்கள். (நானும் ஒரு காலத்தில் அவசரத்தில் அப்படித்தான் செய்தேன்.) 5 நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய உட்காரட்டும். கால் மேல் கால் வேண்டாம். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேல் கஃப் கட்டாதீர்கள். சில நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து, இரண்டையும் குறியுங்கள்.

சரியான கஃபிலும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் சிறுநீரில் புரதம் பார்த்து, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 160/110ஐத் தொட்டால் பெரிய கஃபைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் அளவு எவ்வளவு காட்டினாலும் அனுப்பத்தான் வேண்டும். சில டிஜிட்டல் கருவிகள் கர்ப்பகால ரத்த அழுத்த நோயில் குறைத்துக் காட்டுவதுண்டு. மையத்துக் கருவி அந்த வகையா என்றும் கேட்டுப் பாருங்கள்.